ஜுக்ரா குன்றடியில் ஏழு நாள்

முதல் நாள்: எடை

மலேசியாவில் கிள்ளானைத் தாண்டித் தெற்கே வந்தால், தெலுக் பங்லிமா காராங்குக்குப் பிறகு சாலையின் இரு பக்கமும் செம்பனைதான். தரை தோசைக்கல் போல் தட்டை. மேற்கே கேரித் தீவு, அதற்கப்பால் மலாக்கா நீரிணை. இந்தத் தட்டை நிலத்தில் லங்காட் ஆற்றின் பக்கம் தனித்து எழுந்து நிற்கிறது ஜுக்ரா குன்று. சிலாங்கூரின் பழைய அரச ஊர் இதன் அடியில்தான் இருந்தது. 1905இல் கட்டிய பண்டார் அரண்மனை இன்னும் நிற்கிறது. பறப்பவர்கள் தேடி வரும் காரணம் வேறு. கடலிலிருந்து வரும் காற்றுக்கு வழியில் பெரிய தடை எதுவும் இல்லை. வந்து மோதும் முதல் தடையே குன்றுதான். மோதிய காற்று மேலே ஏறும்.

தங்குமிடம் பந்திங் பட்டணத்துக்கு வெளியே, ஒரு தோட்டத்துப் பழைய கிராணி (எழுத்தர்) வீடு. ஆறு மாணவர்கள், இரண்டு பயிற்சியாளர்கள். கற்பது பாராகிளைடர்: எஞ்சின் இல்லை, சட்டகம் இல்லை, துணியும் கயிறும் மட்டும். 1978இல் பிரான்சின் மியூஸி என்ற மலையூரில், விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட்டை எடுத்துக்கொண்டு சரிவிலிருந்து ஓடிக் கிளம்பியவர்களிடமிருந்து வளர்ந்த கலை இது.

முதல் வேலை தராசு. ஒவ்வொரு விங்குக்கும், அதாவது துணிச் சிறகுக்கும், ஓர் எடை வரம்பு உண்டு. அது ஆளின் எடை அல்ல, தரையை விட்டுக் கிளம்பும் எல்லாவற்றின் எடை. 72 கிலோ ஆள், 5 கிலோ விங், ரிசர்வ் (அவசர) பாராசூட்டோடு ஹார்னஸ் என்ற இருக்கைப் பட்டை 6 கிலோ, தலைக்கவசம், பூட்ஸ், வாக்கி டாக்கி, தண்ணீர் சேர்த்து 4 கிலோ: மொத்தம் 87. இவருக்கு 75 முதல் 95 வரை போகும் விங் பொருந்தும். வரம்பின் அடிமட்டத்தில் பறந்தால் விங்குக்குள் இறுக்கம் குறையும், கொந்தளிப்பில் சுலபமாக மடங்கும். மேல்மட்டத்தைத் தாண்டினால் வேகமும் இறக்கமும் கூடும், தரையிறங்கும்போது கால் தாங்காது. இரவல் விங்கில் பறக்க வருகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். நண்பருக்குப் பொருந்திய விங் உங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை.

பயிற்சிக்கு இ.என். 926 என்ற ஐரோப்பியத் தரத்தில் 'ஏ' வகுப்பு விங் மட்டும். ஏ, பி, சி, டி என்று போகும் இந்த வரிசை திறமைக்குத் தரும் பட்டமல்ல. விங் மடங்கினால், விமானி ஒன்றும் செய்யாமல் இருந்தாலும், அது எவ்வளவு தூரம் தானாகவே மீளும் என்பதற்கான அளவு.

சாப்பாட்டுக்குப் பிறகு, வராந்தா உத்தரத்தில் ஹார்னஸைத் தொங்கவிட்டு ஒவ்வொருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். விங்கை ஹார்னஸோடு மாட்டும் இரண்டு கேரபினர் கொக்கிகளுக்கும் இடைவெளி விங்கின் கையேட்டில் சொன்ன அளவுக்கு வரும்வரை மார்புப் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். இறுக்கினால் திரும்புவது மந்தம். தளர்த்தினால் சிறு அசைவும் இடுப்பை ஆட்டும். தொடைப் பட்டையை மாட்ட மறந்த ஒருவர் கிளம்பினால், காற்றில் அக்குளால் தொங்க வேண்டிவரும். பாராகிளைடிங்கில் உயிர்களைக் கொண்டுபோன பிழை அது. அதனால் மாட்டும் வரிசை ஏழு நாளும் மாறாது: முதலில் தலைக்கவசம், பிறகு தொடைப் பட்டைகள், கடைசியில் மார்பு.

ரிசர்வ் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை தொட்டார்கள். பார், பிடி, இழு, வெற்றிடத்தை நோக்கி வீசு. வீசிய பிறகு விங்கை இழுத்துச் சுருட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ரிசர்வ் தரவிதியில் இறக்க வேகம் நொடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒன்றரை மீட்டர் சுவரிலிருந்து குதிப்பது போன்ற அடி அது. முழங்காலைச் சேர்த்து மடக்கி, பக்கவாட்டில் உருண்டால் தாங்கலாம். விறைத்து நின்றால் கணுக்கால் போகும்.

இரண்டாம் நாள்: திடல்

தோட்டத்துப் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் குலை வெட்டுக்குப் போன பிறகு, ஏழரைக்கு வெளிச்சம் வந்ததும் பந்துத் திடல். இன்று யாரும் பறக்கவில்லை. விங்கைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவது மட்டும்தான் பாடம். ஏழு நாளில் இதுதான் மிக முக்கியமான நாள் என்பது எங்கள் உறுதியான கருத்து. விபத்துகளில் பெரும்பகுதி தரைக்குப் பக்கத்தில், கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான் நடக்கின்றன. அந்த இரண்டுக்கும் திறமை வளர்வது திடலில்.

விங்கை விரிப்பது: காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கும் விமானியின் முதுகுப்புறம், முன்விளிம்பு குதிரை லாட வடிவில், நடுப்பகுதி விமானியிடமிருந்து தூரமாக. நடு முதலில் காற்றை வாங்கினால் ஓரங்கள் தாமாகவே திறக்கும். நேர்கோடாக விரித்தால் ஓரங்கள் முந்திக்கொண்டு எழுந்து நடுவில் மடங்கிவிடும். பிறகு கயிறுகள். முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி ஏ, பி, சி என்று கயிற்று வரிசைகளுக்குப் பெயர்; பின்விளிம்பை இழுப்பது பிரேக் கயிறு. பிரேக் கயிறு அடியில், அதன் மேல் சி, பி, எல்லாவற்றுக்கும் மேலே ஏ. ஒரு குச்சியோ காய்ந்த மட்டைத் துண்டோ கயிற்றில் சிக்கியிருந்தால் விங் எழும்போது ஒரு பக்கம் இழுக்கும். திடலின் ஓரங்களில் கிடக்கும் செம்பனை ஓலைகளை முதலில் பொறுக்கிவிடுங்கள். மட்டையின் அடிப்பகுதி முள், மெல்லிய நைலான் துணியை ஒரே இழுப்பில் கிழிக்கும்.

முன்னோக்கிக் கிளம்புதல், காற்று குறைவாக இருக்கும்போது: கைகளில் ஏ ரைசர்கள் (ஏ கயிறுகள் வந்து சேரும் பட்டைகள்), விரலில் பிரேக் பிடி, கைகள் பின்னால் தாழ்ந்து. நிதானமாக முன்னே சாய்ந்து நடை, உடனே ஓட்டம். விங் எழுவது உடம்பு ஹார்னஸ் வழியே இழுப்பதால்தான். கைகள் ஏ ரைசர்களுக்கு வழி மட்டுமே காட்ட வேண்டும். கையால் இழுத்தால் முன்விளிம்பு மடங்கும். விங் தலைக்கு மேல் வந்ததும் ரைசரை விட்டுவிட்டு, பிரேக்கை ஒரு துளி தொட வேண்டும். இல்லையென்றால் விங் தலையைத் தாண்டி முன்னே விழும். அப்போதுதான் அண்ணாந்து பார்க்க வேண்டும்: விங்கின் துணி அறைகள் எல்லாம் ஊதியிருக்கின்றனவா? கயிறு முடிச்சு உண்டா? சந்தேகம் இருந்தால் அங்கேயே நிறுத்து.

விங் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே ஓடி அதன் அடியில் போய் நில்லுங்கள். உயர்ந்த பக்கத்துப் பிரேக்கை மெதுவாகத் தாழ்த்துங்கள். எல்லாரும் முதலில் செய்வது இதற்கு நேர் எதிர். சாயும் பக்கத்திலிருந்து விலகி ஓடுவது. உடம்பின் உள்ளுணர்வு இங்கே பொய் சொல்லும். அதைத் திருத்தத்தான் இந்த நாள்.

பத்து மணிக்குக் காற்று மணிக்கு 14 கிலோமீட்டர் ஆனது. இப்போது விங்கைப் பார்த்துத் திரும்பி நின்று தூக்கும் முறை. ரைசர்கள் குறுக்காக இருக்கும். மேலே கிடக்கும் ரைசர் எந்த இடுப்பில் மாட்டியிருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் முன்னோக்கித் திரும்ப வேண்டும். வலது மேலே என்றால் வலப்பக்கம். மாறித் திரும்பினால் கயிறு முறுக்கிக்கொண்டு கிளம்புவீர்கள். ஒரு பக்கத்தைத் தேர்ந்து, அதையே பழகுங்கள்.

காற்று இரு மடங்கானால் விங்கின் மேல் விசை நான்கு மடங்கு. 10 கிலோமீட்டரில் நாய்க்குட்டி போல் நிற்கும் விங், 20இல் ஆளைத் தரையோடு இழுத்துப்போகும். இழுக்கும்போது பின்னால் சாய்ந்து எதிர்க்காதீர்கள். சி ரைசர்களைப் பிடித்து இழுத்தபடி விங்கை நோக்கி ஓடினால் அது காற்றிழந்து விழும். பதினொன்றரைக்கு ஒருவரை விங் திடலின் கோல் கம்பம் வரை இழுத்தது. "தம்பி, சி! சி! அதை நோக்கி ஓடு!" என்று மூன்று பக்கத்திலிருந்தும் கத்தல். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

மூன்றாம் நாள்: சரிவு

பந்திங்கிலிருந்து செப்பாங் பக்கம் போகப் போக நிலம் மேடு பள்ளமாகிறது. அங்கே புல் வெட்டிய ஒரு சரிவில், இருபது மீட்டர் உயரத்திலிருந்து சிறு தாவல்கள். ஒருவருக்கு எட்டு முதல் பத்து முறை. ஏறும்போது விங்கைத் தோளில் சுமக்க வேண்டும். காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாய் ஒன்று போதும். மூன்று சாப்பிட்டவர் மூன்றாம் ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குறைந்தது இரண்டு லிட்டர்.

இங்கே திரும்பத் திரும்ப வந்த பிழை ஒன்றே: கால் தரையை விட்டதும் இருக்கையில் உட்காரத் துள்ளுவது. துள்ளினால் கயிற்றின் பளு ஒரு கணம் குறைந்து, விங் பின்தங்கி, ஆள் மறுபடி தரைக்கு வருகிறார், இந்த முறை புட்டத்தில். தரை கால்களுக்கடியில் தானாகவே மறையும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும் மூன்று அடி காற்றிலும் ஓடுங்கள்.

நான்காம் நாள்: மழை

விடிகாலை நான்கு மணிக்குச் சுமத்திராவிலிருந்து வரும் புயல் வரிசை கடந்து போனது. மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான்: முதலில் திடீர்க் குளிர்காற்று, பிறகு கொட்டும் மழை, காலையில் சோம்பலான சாம்பல் வானம். நீரிணையின் மேல் இரவில் உருவாகி விடியலுக்கு முன் சிலாங்கூரைத் தொடுகிறது.

இன்று வகுப்பு வீட்டுக்குள். நனைந்த விங்கில் ஏன் பறக்கக்கூடாது என்பதோடு தொடங்கியது. துளிகள் துணியின் மேல் தேங்கும்போது மேற்பரப்பில் காற்றோட்டம் குலைகிறது. விங் முன்னோக்கிப் போகாமல் செங்குத்தாக இறங்கும் நிலைக்கு விழலாம். தூறல் தொடங்கினால் பிரேக்கைத் தளர்த்தி, வேகத்தோடு இறங்கிவிட வேண்டும். விங்கின் ஓரங்களை, அதாவது 'காதுகளை', மடிக்கும் வித்தையை மழையில் செய்யக்கூடாது.

அடுத்து மேகத்தின் அடி உயரம். தரையின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் ஏறக்குறைய கிடைத்துவிடும். 32 டிகிரி, பனிநிலை 24 என்றால் ஆயிரம் மீட்டர். ஐரோப்பிய மலைகளில் கிடைக்கும் உயரம் இங்கே ஏன் கிடைக்காது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்: நம் காற்றில் ஈரம் அதிகம், மேகம் தாழ்வாகவே பிறக்கிறது. அதே ஈரம்தான் பிற்பகல் இடிமழைக்குத் தீனி. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் ஆகிய பருவ மாற்ற மாதங்களில் அது மிகக் கடுமை.

மதியத்துக்குப் பிறகு வெயில். நனைந்த விங்குகளை வெயிலில் போடாமல் கார் நிறுத்தும் கொட்டகையில் நிழலில் தொங்கவிட்டார்கள். புற ஊதாக் கதிர்தான் இந்தத் துணியின் பெரிய எதிரி. அடுத்தது ஈரத்தோடு மடித்து வைப்பது. இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். மூன்றாவது பூச்சி. மடிப்புக்குள் வெட்டுக்கிளி சிக்கினால் கடித்து வெளியேறும்.

ஐந்தாம் நாள்: குன்று

காலை ஒன்பது மணிக்குக் காற்றுப்பை, காற்றின் திசை காட்டும் துணிக்குழல், சோர்ந்து தொங்கியது. தரைக்காற்று அடங்கிவிட்டது, கடல்காற்று இன்னும் எழவில்லை. முதல் உயரப் பறப்புக்கு இந்த அசையாத இடைவெளியே சிறந்தது. தூரத்துச் செம்பனை ஆலையின் புகை நேராக எழுந்து, சற்று மேலே போய் உள்நாட்டுப் பக்கம் மெல்லச் சாய்ந்தது. தரையில் காற்று இல்லாதபோதும் மேலே எப்படி என்பதை அந்தப் புகை காட்டிவிடும். கிளம்புமிடத்துக் காற்றுப்பையை மட்டும் நம்பாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் ஐந்து கேள்விகள், உரக்கச் சொல்லி: பட்டைகளும் தலைக்கவசமும் மாட்டியாயிற்றா? கயிறுகள் தெளிவா? விங் சரியாக விரிந்திருக்கிறதா? காற்று நேர் எதிரிலா, எவ்வளவு? வான்வெளி காலியா? ஐந்தாவது கேள்வியில் இங்கே ஒரு கூடுதல் பொருள். கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் பக்கத்தில்தான். அன்றைய உயர வரம்பைப் பயிற்சியாளரிடம் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

இனி ஒரு கணக்கு. ஏ வகுப்பு விங்கின் சாதாரண வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர். இறக்கம் நொடிக்கு 1.25 மீட்டர் என்றால், ஒரு மீட்டர் இறங்க எட்டு மீட்டர் முன்னே போகும். உயர வேறுபாடு 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அசையாத காற்றில் இரண்டே நிமிடப் பறப்பு, 1,200 மீட்டர் தூரம். எதிர்க்காற்று 18 கிலோமீட்டர் வீசினால் காற்றில் தங்கும் நேரம் அதே இரண்டு நிமிடம். தரைக்கு மேல் போகும் தூரமோ பாதி, 600 மீட்டர். கிளம்புமிடத்தில் நின்று பார்க்கும்போது பக்கத்தில் தெரியும் இறங்குமிடம் எட்டாமல் போவது இதனால்தான்.

எட்டாமல் போனால் கீழே இருப்பது செம்பனை. மரத்துக்கு மரம் 9 மீட்டர் முக்கோண நடவு. விங்கின் அகலம் 11 மீட்டருக்கு மேல். இரண்டு மரத்துக்கு நடுவில் நுழையலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. வேறு வழியில்லை என்றால் ஒரு மரத்தின் உச்சியையே நேராகக் குறிவைத்து, காற்றுக்கு எதிரே, கால்களைச் சேர்த்து, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு இறங்குங்கள். சிக்கியதும் மட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஏணி வரும்வரை அசையாமல் இருங்கள். தானாக இறங்க முயன்று விழுந்து அடிபட்டவர்களே அதிகம். மரங்களைவிட மோசம் மின்கம்பி. கம்பியில் தொங்கும் ஒருவரை, மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததாக உறுதி சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது.

ஆறு பேரும் கிளம்பினார்கள், ஆறு பேரும் திடலில் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் ஓரத்துப் பாரிட் வாய்க்காலில், முழங்கால் அளவு சேற்றில். காரணம் எளிது: இறங்கும்போது வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் போகும் இடத்துக்கு விங் போகும்.

இறங்கும் முறை: திடலில் காற்று போகும் பக்கத்து மூலையில் எட்டு வடிவில் உயரத்தைக் கரைத்து, இருபது மீட்டரில் காற்றுக்கு எதிராக நேராகிவிட வேண்டும். அதற்குக் கீழே திருப்பம் கிடையாது. இருக்கையை விட்டுக் கால்களைத் தொங்கவிட்டு, கைகள் மேலே, விங் வேகமாக வரட்டும். தரையை நெருங்க நெருங்க எதிர்க்காற்று குறையும். முன்பே பிரேக் போட்டு மெதுவாக வந்தால் அந்த இடத்தில் விங் தூக்கும் விசையை இழந்து விழும். கால் தரையிலிருந்து ஒரு மீட்டர் இருக்கும்போது இரு பிரேக்கையும் சீராக, முழுவதுமாகக் கீழே. பயந்து ஐந்து மீட்டரிலேயே இழுத்துவிட்டால் கையை மேலே விடாதீர்கள். விட்டால் விங் முன்னே பாய்ந்து ஆளை ஊசல் போலத் தரையில் அடிக்கும். அங்கேயே பிடித்து, காலைச் சேர்த்து, உருளத் தயாராகுங்கள்.

ஆறாம் நாள்: ஏறுகாற்று

இன்று பதினொன்றரைக்கே கடல்காற்று 15 கிலோமீட்டர். குன்றின் முகத்தை ஒட்டி மிதந்தே நிற்க முடிந்தது. திரும்பும்போது எப்போதும் குன்றுக்கு வெளிப்புறமாக. எதிரெதிரே இருவர் வந்தால், குன்று வலப்பக்கம் இருப்பவருக்கு வழி. அவரால் வலப்பக்கம் விலக முடியாது, மற்றவர் விலக வேண்டும்.

திருப்பத்துக்கு வரிசை மூன்று: பார், இடுப்பைச் சாய், பிறகுதான் பிரேக். பிரேக்கை மட்டும் ஆழமாக இழுத்தால் விங்கின் ஒரு பக்கம் தூக்கும் விசையை இழந்து, விங் சுழலத் தொடங்கும். பக்கவாட்டு மடிப்பு வந்தால் முதல் வேலை மடிந்ததைத் திறப்பதல்ல, திசையைக் காப்பது: எடையைத் திறந்த பக்கம் சாய்த்து, அந்தப் பக்கப் பிரேக்கை அளவாகப் பிடித்து, குன்றிலிருந்து விலகி நேராகப் போவது. பிறகு மடிந்த பக்கத்தை ஒரு நீண்ட இழுப்பில் திறக்கலாம்.

வெப்ப ஏறுகாற்றைத் தேடும் இடம் தோட்டக்காரர்களுக்கு உடனே புரியும். முதிர்ந்த செம்பனையின் கூரை ஈரமும் நிழலும். அதன் மேல் காற்று சோம்பல். மறுநடவுக்கு வெட்டித் தள்ளிய வெற்று நிலம், ஆலை முற்றம், லயத்துத் தகரக் கூரைகள், செம்மண் சாலை ஆகியவை சூடேறும். ஆற்றின் மேல் இறக்கம். வெற்று நிலமும் முதிர்ந்த மரமும் சந்திக்கும் எல்லையில்தான் சூடான காற்றுக் குமிழி பிய்த்துக்கொண்டு எழும். பருந்து ஒன்று அங்கே சிறகசைக்காமல் வட்டமிட்டால் போய்ச் சேருங்கள், அது சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள்.

கீழே இறங்க 'பெரிய காது': வெளியோர ஏ கயிறுகளை இரு பக்கமும் சமமாக இழுத்துப் பிடித்தால் இறக்கம் ஏறக்குறைய இரு மடங்காகும். பிரேக் தொடக்கூடாது. திசை இடுப்பால் மட்டும்.

ஏழாம் நாள்: இறங்கி நிற்பது

பன்னிரண்டு மணிக்கு அழகான மேகங்கள். ஒன்றரைக்கு உள்நாட்டுப் பக்கம் ஒரு மேகம் அகலத்தைவிட உயரமாகிவிட்டது, அடி கறுத்தது. பயிற்சியாளர் கிளம்புமிடத்தை மூடினார். குன்றில் வெயில், காற்று இதமாக 12 கிலோமீட்டர். விங்கை விரித்து மாட்டிக்கொண்டு நின்ற இருவர் அவிழ்க்க வேண்டியதாயிற்று. "அண்ணே, ஒரு தடவை, ரெண்டே நிமிஷம்தானே?" என்று கேட்டதற்கு, அவர் மேகத்தை மட்டும் காட்டினார். இடிமேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் பரவி, மழைக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே வந்து சேரும்.

இரண்டு பத்துக்குக் காற்றுப்பை முழுதாகத் தொங்கியது. இரண்டு பதினெட்டுக்கு எதிர்த்திசையில் விறைத்து நின்றது, காற்றளக்கும் கருவி மணிக்கு 41 கிலோமீட்டர் காட்டியது. சாதாரண வேகத்தில் விங் போவதே 36தான்.

கடைசி வேலை மடிப்பு. அறை வாய்களின் விறைப்புக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, மடித்துவிடாமல், விசிறி போல் அடுக்கி, காற்றை அறை வாய்கள் வழியே வெளியேற்றி, தளர்வாகச் சுருட்ட வேண்டும். அதற்கு முன் திடலில் ஒட்டிய சேற்றை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். சோப்பு வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். மோரிப் கடற்கரையில் பயிற்சி செய்தவர்கள் நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்து, நிழலில் உலர்த்திய பிறகே பைக்குள் வைக்க வேண்டும். பறப்பேட்டில் தேதி, இடம், காற்றின் திசையும் வேகமும், பறப்புகளின் எண்ணிக்கை, கூடவே திடலில் விங்கோடு நின்ற மணிநேரங்கள். இன்றைய வரியில் ஆறு பேரும் எழுதியது: பறப்பு 0, திடல் 2 மணி 30 நிமிடம்.